முள்

டிசம்பரில் இசாஃபியோர்துரில்
பதினொரு மணிக்குத்தான் வெளுக்கும்.
அதற்குள் எங்கள் பட்டறையில்
இரண்டு சண்டை முடிந்திருக்கும்.

காட் மீன் துண்டில் முள் பிடுங்கும் எந்திரம்.
முள்ளோடு சதையும் வந்தது,
நூறு கிலோவுக்கு ஆறு கிலோ.

தலைநகரிலிருந்து ஒரு கேள்வித்தாள்:
வேலையில் உங்கள் ஈடுபாடு பத்துக்கு எத்தனை?

ஸ்டெய்னுன் பத்து போட்டாள்,
மழைக்கும் பத்து போடுகிறவள்.
ஹாஃப்லிடி கேள்வியில் இருந்த பிழையைத் திருத்தி
பதில் எழுத மறந்துபோனான்.
யட்விகா வெறும் தாளை மடித்துத் தந்தாள்.
நான் ஏழு.
பொறுப்பில் இருப்பவருக்கு ஏழுதான் பத்திரம்.

பிறகு எங்களுக்கு நிறம் பூசினார்கள்.
அவள் மஞ்சள், நான் பச்சை,
ஹாஃப்லிடி சிவப்பு (அதற்குக் கேள்வித்தாள் எதற்கு,
தொண்டையில் மாட்டிய முள் அவன்).
யட்விகாவுக்கு நேரே
‘தகவல் போதாது.’

பிப்ரவரியில் ஹாஃப்லிடிக்கு முதுகுவலி.
மூன்று வாரம் வரவில்லை.
அப்பாடா!
யாரும் யாரையும் மறுக்கவில்லை.
இலவங்கப்பட்டை பன்னைப் பங்கிட்டுத் தின்றோம்.
ஸ்டெய்னுன் தினம் நாலு யோசனை சொன்னாள்,
நாலும் பிரமாதம் என்றேன்.
நாலும் பலகையிலேயே காய்ந்தன.
தராசு முள் மட்டும் ஆறை விட்டு நகரவில்லை.

திரும்பி வந்த காலை
கோட்டைக்கூடக் கழற்றாமல் கேட்டான்:
“இதில் எதையாவது செய்து பார்த்தீர்களா?”

அந்த அமைதியில்
கையுறையை உருவினாள் யட்விகா.
நாலு வருஷமாகக் கடிகார முள்ளை மட்டுமே
பார்த்துக்கொண்டிருக்கிறாள் என்று
நான் நினைத்திருந்த யட்விகா.

“மீன் கூடத்தில் ஒன்பது வருஷம் கையால் பிடுங்கியிருக்கிறேன்.
நேரே இழுத்தால் சதை வரும்.
சாய்த்து, தலைப்பக்கமாக.”

ஏன் இத்தனை நாள் சொல்லவில்லை?

“பத்துக்கு எத்தனை என்றுதானே கேட்டீர்கள்.”

நடக்காது என்றான் ஹாஃப்லிடி,
சொல்லிக்கொண்டே ஸ்பானரைத் தேடினான்.
ஸ்டெய்னுன் எதையோ முணுமுணுத்துப் பாடியபடி
உருளையைச் சாய்த்துப் பிடித்தாள்.
யட்விகா பல்லிடுக்கில் விரல் வைத்துச் சரிபார்த்தாள்.
நான் மின்சாரத்தை நிறுத்திவிட்டு
வழி விட்டு நின்றேன்.
அன்று நான் செய்த ஒரே நல்ல காரியம்.

பதினொரு கோணம்.
பதினொரு முறையும் நடக்காது.
பன்னிரண்டாவதில்
அவன் ஒன்றும் சொல்லவில்லை.

ஆறு, இப்போது நாலரை.
போதாது என்கிறான்.
புதுக் கேள்வித்தாள் மேசைமேல் கிடக்கிறது,
அதன்மேல் யட்விகாவின் காப்பிக் கோப்பை.

ஹாஃப்லிடியின் முதுகை
இப்போதெல்லாம் தினமும் விசாரிக்கிறேன்.