புதன்கிழமைப் பெட்ரோல்

கடைவாய்ப் பல்லில் விரிசல் என்றார்
செக்காலை ரோட்டுப் பல் டாக்டர்.
"தூக்கத்துல கடிக்கிறீங்க.
யாரைன்னு நான் கேக்க மாட்டேன்."
மருந்துச் சீட்டின் பின்பக்கம்
ஒரு பெயரும் எண்ணும் எழுதித் தந்தார்.

எங்கள் வீட்டில் முப்பத்திரண்டு அறை.
இருபத்தாறின் சாவி
கோலாலம்பூரிலும் டல்லாஸிலும் இருக்கிறது.
மிச்சம் ஆறில் எதில் முணுமுணுத்தாலும்
வளவைச் சுற்றி வந்து
சாப்பாட்டு நேரத்தில் என்னிடமே திரும்பும்,
வேறொருவர் குரலில்.
முழங்கை நீளச் சுவர்களில்
சிக்னல் முட்டிக்கொண்டு வெளியிலேயே நிற்கும்.

ஆகவே கார்.
புதன் இரவு எட்டு மணிக்கு
ஊருணிக் கரையில், டிரான்ஸ்பார்மரைத் தாண்டி,
கண்ணாடியை ஏற்றிவிட்டு
ஸ்டியரிங்கில் போனைச் சாய்த்து வைப்பேன்.
மாமியாரிடம் சொன்னது டெய்லர் கடை.
நாலு வாரமாகியும் ஒரு ஜாக்கெட் வரவில்லை.
யாரும் கேட்கவும் இல்லை.

ஆக்னஸ் நாகர்கோவிலில் இருக்கிறார்.
அவர் முதுகுக்குப் பின்னால் எங்கோ ஒரு குக்கர்.
மூன்று விசில் வந்ததும்
"ஒரு நிமிஷம்" என்று எழுந்து போவார்.
முதல் வாரம் எரிச்சலாக இருந்தது.
பிறகு அந்த ஒரு நிமிஷத்தில்தான்
சொல்ல வேண்டியதைத் திரட்டிக்கொண்டேன்.

கொழுந்தன் கேட்கும் பங்கு,
நாத்தனாருக்குக் குறைந்த சீர்,
அப்பாவோடு பேச்சை நிறுத்திய பிளஸ் டூ மகள்,
எறியப்பட்ட டம்ளர்,
அதன் நெளிவைத் தட்டி நிமிர்த்தி
மறுநாள் அதிலேயே நான் காபி கொடுத்தது.
எல்லாம் சொல்லி முடித்தேன்.
"சரி உமையாள். இதுல நீங்க எங்க இருக்கீங்க?"
"கார்ல" என்றேன்.
ஆக்னஸ் சிரிக்கவில்லை.
ஊருணித் தவளைகள்தான் விடாமல் ஏதோ சொல்லின.

சில நேரம் படம் உறைந்துவிடும்.
பாதி திறந்த வாயோடு நிற்கும் ஆக்னஸிடம்
நான் அதிகம் பேசியிருக்கிறேன்.
மீண்டு வந்து கேட்பார்:
"கடைசியா என்ன சொன்னீங்க?"
"ஒண்ணுமில்ல."
"அந்த ஒண்ணுமில்லையையே இன்னொரு தடவை சொல்லுங்க."

இன்னொரு நாள்:
"அவங்க, அவங்கங்கிறீங்க. அவருக்குப் பேர் இல்லையா?"
வயிரவன்.
பதினெட்டு வருஷத்தில் முதல் தடவை
வாய்விட்டுச் சொன்னேன்.
கண்ணாடியில் கொஞ்சம் மூச்சுப் படிந்தது.
வைப்பரைப் போட்டேன்.
உள்பக்கப் பனிக்கு வைப்பர் என்ன செய்யும்.

கணக்கெழுதாமல் கொட்டாவிகூட விடாத குடும்பம்.
ஒரு தடவைக்குத் தொள்ளாயிரம்.
பெட்ரோல் என்று எழுதி வந்தேன்.
மாசக் கடைசியில் வயிரவன்
கார் சாவியோடு வெளியே போய்
நோட்டோடு வந்து நின்றார்.
"மூவாயிரத்து அறுநூறுக்குப் பெட்ரோல்.
ஓடுனது பதினாறு கிலோமீட்டர்.
வண்டி குடிக்குதா, ஊருணில ஊத்துறியா?"

பல் தானாகக் கடித்துக்கொண்டது.
மூன்றாவது விசிலுக்காகக் காத்திருந்தேன்.
எங்கள் அடுப்பில் அந்நேரம் குக்கர் இல்லை.
சொன்னேன்.

பேனாவை மூடினார், திறந்தார், மூடினார்.
"என்னையப் பத்தியும் சொல்லுவியா?"
"சொல்லுவேன்."
"டம்ளரையுமா?"
"டம்ளரையும்."

நோட்டைப் பார்த்தபடியே
நாலு பெட்ரோலையும் அடித்தார்.
வைத்தியம் என்று தொடங்கி
"வை"யோடு நின்று
அதையும் அடித்துவிட்டு
புதன் என்று எழுதினார்.
கூட்டினார். தொகை சரியாக இருந்தது.
அன்றிரவு வேறெதுவும் பேசவில்லை.
மகளும் பேசவில்லை.

அடுத்த புதன் சாவியைத் திருகினால்
முள் எழுந்து கடைசிக் கோட்டில் போய் நின்றது.
"இந்த வாரம் எப்படிப் போச்சு?"
"வயிரவன் டேங்க் ஃபுல் பண்ணியிருக்கார்" என்றேன்.
"அதை எப்படி எடுத்துக்கிட்டீங்க?"
தெரியவில்லை.
எங்காவது போய்விடு என்றா,
போய்விட்டு வா என்றா.

நாகர்கோவிலில் முதல் விசில் வந்தது.
இன்னும் இரண்டு இருக்கிறது.