மூன்றாவது தடம்

இசைத்தட்டின் பெயர் ‘மேசைவிசிறியை நிப்பாட்டுங்கோ’.
ஒவ்வொரு பதிவுக்கும் முன்னால்
அனற்ரா சொன்ன ஒரே வசனம் அது.
கொழும்புத்துறையில் அவளுடைய முன்னறை,
யன்னலுக்கு மெத்தை, கதவிடுக்கில் சாரம்,
ஒழுங்கை நாய்களுக்கு பிஸ்கட்.
ஆவணி வெயில். நாலு பேரின் வியர்வை.

எட்டும் அவள் எழுதியவை.
எழுதியவை என்றால்
முதல் பன்னிரண்டு வரி தாளில் இருக்கும்,
பிறகு ஒரு அம்புக்குறி,
பிறகு எங்கள் பெயர்கள்.
‘வல்லை வெளி’யில் றொஷாந்தின் சக்சபோன்
எதிர்க்காற்றில் சைக்கிள் மிதிக்கிறது.
‘பதினேழாம் நம்பர்’ ஆஸ்பத்திரி வாங்கில் பிறந்தது,
கூப்பிடுமுன் முடிந்துவிடும்.
பியானோவில் ஒரு கட்டை
போன மாரிக்கு ஊதி இன்னும் எழும்பவில்லை;
அந்தச் சுரத்தைத் தொடாமலே எட்டையும் எழுதியிருக்கிறாள்.

நான் பேஸ் கிற்றார்.
பகலில் மின்சார சபையில் மானி வாசிப்பவன்.
ஆகவே மூன்றாவதின் நடுவில் கரண்ட் போனபோது
மூன்று பேரும் என்னைத்தான் பார்த்தார்கள்.
மடிக்கணினி பற்றரியில் ஓடியது.
தோலுக்கும் மூச்சுக்கும் பியானோவுக்கும் ஒன்றுமில்லை,
என் பெட்டி மட்டும் செத்தது.
நான் நிறுத்தவில்லை.
கம்பிகள் என் நெஞ்சுக்கு மட்டும் கேட்டன,
நகத்தளவு சத்தம்.

அனற்ராவின் இடது கை
கீழே இறங்கி அந்த இடத்தை நிரப்பியிருக்கலாம்.
நிரப்பத் தெரியாத கை அல்ல.
அது நடு ஸ்தாயியிலேயே நின்றது,
பாதியில் எழும்பிப் போனவனின் கோப்பையை
ஒருவர் மூடிவைப்பதுபோல.
கஜமுகன் குச்சியை வைத்துவிட்டு
விரலால் தட்டினான்.
இரண்டு நிமிடம், பதினொரு வினாடி.

சுத்தமான எடுப்புகள் வேறு ஐந்து இருந்தன.
‘இதுதான்’ என்றாள்.
ஏனென்று நான் கேட்கவில்லை.
உறையில் என் பெயரை எட்டுக்கும் போட்டிருந்தாள்.

போன கிழமை
கஸ்தூரியார் வீதியில் ஏறிய ஓட்டோவில்
இதே தட்டு. ஆர் கொடுத்ததோ.
“பாடுறவன் எப்ப வருவான் எண்டு
பாத்துக்கொண்டிருக்கிறன்” என்றார் சாரதி.
ஆரியகுளம் சந்தியில் அந்த இடம் வந்தது.
“அண்ணை, ஸ்பீக்கர் போட்டுது,
அடி கேக்கேல்லை” என்று
பெட்டிக்கு ஓங்கி ஒரு குத்து விட்டார்,
பிறகு இன்னொன்று,
அரை மாத்திரை பிந்தி.

நான் ஒன்றும் சொல்லவில்லை.
என் இடது கை முழங்காலில்
அடுத்த சுரத்துக்குப் போய்விட்டிருந்தது.