நாற்பத்தோராவது போத்தல்

என் மாணவர் அட்டையில் அப்பாவின் பெயர்தான் முன்னுக்கு.
பாஸ்போட்டில் அப்படிக் கிடந்தது,
வூஹானில் அதையே குடும்பப் பெயராக்கிவிட்டார்கள்.
மயில்வாகனம் அவர்களின் நாக்கில் ஏறவில்லை.
முதல் அசையோடு இறக்கிவிட்டார்கள்:
மா.

மா என்றால் குதிரை, என்றாள் அறைத்தோழி லின் யுவே.
பழந்தமிழிலும் குதிரைதான், என்றேன்.
நம்பாமல் சிரித்தாள்.
மயிலில் போன மனுசனைக் குதிரையில் ஏற்றிவிட்டு
மூன்று வருடமாக அந்தப் பெயருக்குத் திரும்பிப் பார்க்கிறேன்,
சாப்பாட்டு வரிசையில், சுடுதண்ணீர்க் குழாயடியில்,
நடுச்சாமத்தில் இயந்திரத்துக்கு என் முறை வருகையில்.

இப்போது ஆறு கிழமை ஊரில்.
லீவு என்று அம்மா சொல்லித் திரிகிறா.
லீவில்லை.
இணுவில், கோண்டாவில், உரும்பிராய்,
நாற்பது கிணறு, கிணற்றுக்கொரு போத்தல்.
அப்பாவின் பழைய ஹொண்டாவில் பின்னுக்கு நான்,
குருநகரில் வாங்கிய ஐஸ்
றெஜிபோம் பெட்டிக்குள் உருகி மடியை நனைக்க,
வெங்காயத் தறையின் நடுவே இறங்கும்போதெல்லாம்
மீன் விற்க வந்தவள் போலவே மணக்கிறேன்.

"தண்ணி நல்லமோ பிள்ளை?"
"மூண்டு மாசத்தில சொல்லுறன் அண்ணை."
"அந்த மூண்டு மாசமும் என்னத்தைக் குடிக்கிறது?"

ஆய்வு முறை என்ற அத்தியாயத்தில்
பதினெட்டுப் பக்கம் எழுதியிருக்கிறேன்.
இந்தக் கேள்வி அதில் இல்லை.

உரும்பிராயில் ஒரு ஆள் படலையைத் திறக்கவேயில்லை.
"சீனாக்காரனுக்கு எங்கட கிணத்துக்க என்ன அலுவல்?"
நான் வாய் திறக்க முதல் அப்பா சொன்னார்,
"அவனுக்கில்லை. இது என்ர பேரிலதான் போகுது."
அது பொய்யில்லை என்று அவருக்கு அப்போது தெரியாது.

பின்னேரம் ஆறு மணி. அங்கே எட்டரை.
ஆய்வுக்குழுக் கூட்டம்.
நுளம்புத்திரிப் புகைக்குப் பின்னால்
முகத்தைச் சரிசெய்துகொண்டு இருக்கிறேன்.
கரண்ட் போகக்கூடாது என்று
எந்தச் சாமியிடம் கேட்பதென்று தெரியவில்லை.
பேராசிரியர் வரவு எடுக்கிறார்.
எனக்கு மட்டும் இன்று முழுப் பெயர்,
யாரோ எழுதிக் கொடுத்துப் பழகியிருக்க வேண்டும்,
ஒவ்வொரு அசையாகக் கல்லில் கால் வைப்பதுபோல்:
மா. யில். வா. கா. நம்.

"ஓம், ஓம், வாறன்!"
கிணற்றடியிலிருந்து ஈரத் துவாயோடு
அறைக்குள் வந்து நிற்கிறார் அப்பா.
"ஆர் கூப்பிட்டது?"

திரையில் பதினொரு முகங்கள். ஒரு கணம் சத்தமில்லை.
பிறகு லின் யுவே கையசைக்கிறாள்,
பிறகு எல்லாரும்.
அப்பா துவாயைத் தோளில் சரிசெய்து
கும்பிடுகிறார்.

கூட்டம் முடிந்தபின் அவளிடமிருந்து குறுஞ்செய்தி:
பெரிய குதிரையைப் பார்த்துவிட்டேன்.
உன் கட்டிலில் என் உடுப்புக் காயுது, பரவாயில்லையா?
இருமல் கேட்டது. சுடுதண்ணீர் குடி.

எங்கள் கிணறு பட்டியலில் இல்லை.
வேலிக்கு அங்கால் தோட்டம், உரம் போடுகிற தோட்டம்தான்.
சேர்த்திருக்கலாம்.
வரைபடத்தில் அந்த இடத்துக்கு வரும்போதெல்லாம்
கை வேறு பக்கம் போய்விட்டது.

கொழும்புக்கு வெளிக்கிடுகிற அன்று விடிய
பெட்டியைத் திறந்து எண்ணுகிறேன்.
நாற்பத்தொன்று.
திரும்ப எண்ணுகிறேன்.
கடைசிப் போத்தலில், தபாற்கந்தோரில் முப்பது வருடம்
பதிவுத் தபால் எழுதிய அதே சாய்ந்த கையெழுத்து:
நேரம் 5.40. ஆழம் இருபத்தாறு அடி.
கிணற்றுக்காரர்: மயில்வாகனம்.
எடுத்தவர்: மயில்வாகனம்.

அவர் வெளியே மோட்டார் சைக்கிளைத் துடைக்கிறார்,
இந்தப் பக்கம் பார்க்காமல்.
அம்மா தேத்தண்ணி கொண்டுவந்து தருகிறா,
அதே தண்ணியில்.

மூன்று மாதம்.
குடிக்கிறேன்.
சீனி கொஞ்சம் கூடிப்போச்சு.