குறைந்தபட்சத் தூரம்

பள்ளிப் பேருந்தின் கதவில்
முழங்கால் உயரத்தில் மூன்று கொத்துத் தழும்புகள்.
அலுவலகத்துக்கு நான் எழுதிக்கொடுத்த காரணம்:
"வான்கோழி. தன் பிம்பத்தோடு சண்டை."
சிரித்தார்கள்.
பெயிண்டுக்குப் பணம் வரவில்லை.

ஓசார்க் மலைச்சரிவில் ஏப்ரல்.
ரெட்பட் மரங்கள் இலைக்குக் காத்திராமல்
வெறுங்கிளையெல்லாம் ஊதாவாய்ப் பொரிந்திருந்தன.
ஹார்லன் ட்வீடி தன் கற்பலகையைக் கடன் கொடுத்தான்.
குச்சியால் தேய்த்தால் பெட்டைபோல் கூப்பிடும்.
ஞாயிற்றுக்கிழமைக்குள் திரும்ப வேண்டும், ஈரம் படக்கூடாது.
"பிடித்தால் சொல்."
"படம்தான் பிடிக்கப்போகிறேன்."
"அதை எப்படி வறுப்பாய்?"

சனிக்கிழமை இருட்டோடு போய்
ஓக் மரத்தில் முதுகைக் கொடுத்து உட்கார்ந்தேன்.
முழங்காலில் கேமரா, நானூறு எம்.எம். லென்ஸ்,
கல்யாணப் படங்களை விட்டுவிட்ட ஒருத்தியிடம்
செகண்ட் ஹேண்டில் வாங்கியது.
தேய்த்தேன்.
பெட்டையின் குரல் வரவில்லை,
கீல் துருப்பிடித்த கதவின் குரல் வந்தது.
ஆனாலும் பள்ளத்திலிருந்து ஒரு பதில்,
நிறைகுடம் கவிழ்ந்து படியில் உருண்டதுபோல.

பிறகு நாற்பது நிமிடம் ஒன்றுமில்லை.
ஓர் உண்ணி மணிக்கட்டில் ஏறி, யோசித்து,
சட்டைக்கைக்குள் போயிற்று.
அசையக்கூடாது. விட்டேன்.

வந்தது என்று சொல்ல முடியாது.
இல்லாத இடத்தில் இருந்தது.
வேலிக்கு அப்பால் ஒரு கரிய மூட்டை.
மூட்டை அவிழ்ந்து விசிறியானது.
காதுக்கு எட்டாத ஓர் உறுமலை
விலா எலும்பு கேட்டது,
வீட்டு வாசலில் யாரோ லாரியை
அணைக்காமல் நிறுத்திவைத்ததுபோல.
அது யாரைப் பார்த்தும் ஆடவில்லை.
சிறகு நுனிகள் சருகைக் கீற
நிலத்திடம் கேட்டுக் கேட்டு அடி வைத்தது.

கறுப்பென்று நினைத்தது கறுப்பில்லை.
வெயில் ஒரு விரற்கடை நகர்ந்தால் செம்பு,
தோள் திரும்பினால்
டீசல் சிந்திய குட்டையின் பச்சை.
இறகில்லாத தலை நீலம், நெற்றி வெளுப்பு,
அலகின்மேல் தொங்கிய சதை
கோபத்துக்கு ஒரு நீளம், சந்தேகத்துக்கு ஒரு நீளம்.
மார்பிலிருந்து குதிரைமயிராய் ஒரு கற்றை.

பதினைந்து அடி. அழுத்தினேன்.
பதின்மூன்று.
பதினொன்றில் லென்ஸின் மோட்டார்
முன்னும் பின்னும் ஓடி முனகியது.
இந்தக் கண்ணாடிக்கு அந்தத் தூரத்துக்குள் உலகம் கிடையாது.
விற்கும்போதே சொன்னாள்:
"கிட்டே வருவது இதற்குத் தெரியாது.
எனக்கு முதலில் அதுதான் பிடித்திருந்தது."

எட்டு. ஐந்து.
கண்ணை எடுத்தால் அசைவு தெரிந்துவிடும்.
எடுக்காவிட்டால் எனக்குத் தெரிவது
ஒரு நெருப்பும் ஒரு நீலமும்.
எடுக்கவில்லை.
முன்கண்ணாடிக்குள் வேறொரு சேவல் நின்றிருக்க வேண்டும்,
சின்னதாய், வளைந்து, இதே திமிரோடு.

டக்.

என் புருவ எலும்புவரை வந்தது அந்தக் கொத்து.
நான் மூச்சு விட்டபோது
சருகுகள் மட்டும் ஆடிக்கொண்டிருந்தன.

நாற்பத்தொரு படங்கள்.
தெளிவாய் விழுந்தது
வேலிக்கம்பியில் சிக்கிய மாட்டுமயிர்.
நல்லதென்று ஒன்றை அச்செடுத்து
கற்பலகையோடு ஹார்லனிடம் நீட்டினேன்.
தலைகீழாகவும் பார்த்தான்.
"எரிகிற கொட்டகையா?"
"வான்கோழி."
"பிடிக்கவில்லை" என்றான்.
எந்த அர்த்தத்தில் என்று நான் கேட்கவில்லை.

லென்ஸில் எச்சில் தடம், நடுவே கடுகளவு கீறல்.
துடைக்கும் துணி பேருந்தில்தான் இருக்கிறது.
பத்து நாளாய் எடுத்ததிலெல்லாம்,
ஓடையில், ஹார்லனுடைய நாயின் முதுகில்,
மழைக்கோட்டோடு படியேறும்
ப்ரூயிட் வீட்டுச் சிறுமியின் காதருகில்
ஒரு சின்ன மங்கல்.
"இது என்ன?" என்று கேட்டாள்.
கதவைக் காட்டினேன்.