ஊதாத் தடம்

பொங்கோல் பலதுறை மருந்தகம்.
எண் 4027, அறை ஒன்பது, சிவப்பாய் மின்னுகிறது.
உனக்கு நான்கு மாதம்.
எனக்கு முப்பத்து நான்கு வயது,
ஊசி விளம்பரத்துக்கே முகம் திருப்பிக்கொள்பவன்.

கல்பகா காலையிலேயே சொல்லிவிட்டுப் போனாள்:
குத்துவதற்கு முன்பே பால் வாயில் இருக்கட்டும்.
படுக்க வைக்காதே, மடியில் வை.
வலிக்காது என்று பொய் சொல்லாதே.
ஜூரோங்கில் அவளுக்கு இன்று கணக்கு முடிக்கும் நாள்.
அவள் எடுத்து வைத்த பால்
துணிப்பைக்குள் இன்னும் வெதுவெதுப்பாய்.

மிஸ்ஸி ருஹாய்தா உன் தொடையைத் தட்டிப் பார்க்கிறார்,
சந்தையில் பப்பாளி பார்ப்பதுபோல.
"ரெண்டு ஊசி, அப்பா. காலுக்கு ஒண்ணு.
பாட்டு ஏதாவது தெரியுமா?"

என்னிடம் தாலாட்டு இல்லை.
தினமும் ஏழே காலுக்கு ஏறுகிற ரயில்தான் இருக்கிறது.

பொங்கோல், என்றேன் உன் காதில்.
செங்காங். புவாங்கோக்.
நீ பால் இழுக்கிற சத்தம்.
ஹவ்காங்.
கோவனில் முதல் ஊசி.

உடனே நீ அழவில்லை. என்னைப் பார்த்தாய்.
புட்டி நழுவியது. வாய் திறந்தது.
சத்தம் மட்டும் எங்கோ சுரங்கத்துக்குள்ளிருந்து
வந்துகொண்டே இருந்தது,
வந்தேவிட்டது.

சிராங்கூன். உட்லீ.
அதற்கடுத்தது என்ன?
ஏழு வருடமாய்க் கடக்கிற நிலையம்
நாக்கில் இல்லை.
உன் இன்னொரு கால் என் உள்ளங்கையில் துடிக்கிறது.

"பொத்தோங் பாசிர்,"
என்றார் மிஸ்ஸி, குனிந்தபடியே,
இரண்டாவதையும் போட்டு முடித்து.

பூன் கெங், ஃபேரர் பார்க்,
லிட்டில் இந்தியாவில் கூட்ட நெரிசல்போல் அழுகை.
தோளில் சாய்த்து நடந்தேன். எடைக்கருவி வரை, திரும்பக் கதவு வரை.
தோபி காட்டில்தான் நீ தடம் மாறினாய்,
அழுகையிலிருந்து விக்கலுக்கு.
என் சட்டைப்பையைப் பிடித்துக்கொண்டாய்.
அதில் பயண அட்டை.

இரவு முப்பத்தேழு புள்ளி எட்டு.
மெல்லிய சட்டை, அடிக்கடி பால்,
இரண்டு தொடையிலும் காசளவு வட்டப் பிளாஸ்திரி.
கல்பகா வேலைப்பையைக்கூடக் கீழே வைக்காமல் கேட்டாள்,
"ரொம்ப அழுதாளா?"

"தோபி காட் வரைக்கும்."

என்னை ஒரு மாதிரி பார்த்தாள்.
பிறகு கோவனிலிருந்து
விரல்விட்டு எண்ணத் தொடங்கினாள்.