கதவு எண்

சடையங்குப்பம் மதகில்
மேல்கதவு சாத்தியாயிற்று, கீழ்கதவு இன்னும் திறக்கவில்லை.
தண்ணீர் எங்களை விரல் விரலாக இறக்கிக்கொண்டிருந்தபோது
குடையும் காக்கிப் பையுமாகக் கரையில் நின்ற ஒருவர்
"வீட்டில் எத்தனை பேர்?" என்றார்.

மூன்று பேர்.
பழவேற்காட்டுக் கிளிஞ்சல் நூற்றிருபது மூட்டை.
ஒரு கோழி. அது கணக்கில் வராது என்று அவரே சொன்னார்.

செருப்பைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டு
பலகையில் கால் வைத்தார். படகு ஆடியது.
பெருக்கின இடம்தான், உட்காருங்கள் என்றேன்.
சற்குணம், முனிசிபல் பள்ளிக்கூட வாத்தியார்,
ஜனத்தொகைக் கணக்கெடுக்க வந்தவர்.

கதவு எண்?
கதவே இல்லையே சார்.
படகுக்கு நம்பர் உண்டு, தாரில் எழுதியது, முந்நூற்றுப் பதினேழு.
குனிந்து பார்த்தார்.
"அது சரக்குக்கும்மா. மனுஷாளுக்கு இல்லை."

எத்தனை அறை?
பின்னால் மண்ணடுப்பு, தகர மறைப்பு, அங்கே சமையல்.
ஓலைக் கூண்டுக்குள் மழை நாள் படுக்கை.
மழை இல்லாத நாளில்
எங்கே முடிகிறதென்று
நான் அளந்து பார்த்ததில்லை.

குழந்தைக்கு வயது?
தனகோடி பாய்மரத்தைச் சுற்றி ஓடிக்கொண்டிருந்தாள்
இடுப்புக் கயிறோடு.
போன தையில் ஐந்து முழம் விட்டிருந்தேன், இப்போது ஏழு.
நீந்தப் பழகப் பழக அவிழ்த்து விடுகிறோம்.
"வயதைக் கேட்டேன்."
அதைத்தான் சொன்னேன்.
மூன்று என்று அவராகவே போட்டுக்கொண்டார்.

பிறந்த ஊர்?
இதற்கு எத்திராஜுவைக் கூப்பிட வேண்டியதாயிற்று.
அத்திப்பட்டு தாண்டி, எண்ணூர் வருவதற்குள்,
காற்றில்லாத ராத்திரி.
அவர் கரையில் தோளில் கயிறு போட்டு இழுத்துக்கொண்டு போகிறார்,
நான் கூண்டுக்குள் மூட்டையைக் கடித்துக்கொண்டிருக்கிறேன்.
நிறுத்தச் சொல்லிக் கத்தவில்லை.
நின்றால் கொசு.
அழுகை கேட்ட பிறகும் பத்து அடி நடந்தாராம்,
பாரம் கூடவுமில்லை, குறையவுமில்லை,
அதே கனம்தான் இருந்தது, ஆனால் இரண்டு பேர்.
எந்த ஊர் எல்லை அது?
மைல்கல் இருந்திருக்கும். இருட்டு.

இப்படிப் பேசிக்கொண்டிருக்கையில்
கீழ்கதவு திறந்துவிட்டது.
பின்னால் நாலு படகு, மதகுக்காரர் விசில்.
வாடைக்காற்று பாயில் ஏறியதும்
யாருக்கும் யாரையும் இறக்கிவிட நேரமில்லை.
வாத்தியார் தலை நிமிராமல் எழுதிக்கொண்டே வந்தார்.

எதிரே சூளூர்ப்பேட்டைப் படகு, காலியாகத் திரும்புகிறது.
கால்வாய் அங்கே ஒடுக்கம், இரண்டு விளிம்பும் உரசும்.
காக்கிப் பையைப் பார்த்துவிட்டு
"ஜப்தியா?" என்று தெலுங்கில் கேட்டான் அப்பாராவு.
இல்லை, விருந்தாளி என்றேன்.

சோறு, நெத்திலிக் குழம்பு.
உப்பு கொஞ்சம் தூக்கல்தான், ஆனாலும் இரண்டாம் தரம் கேட்டு வாங்கினார்.
கையைக் கால்வாயில் அலம்பிவிட்டுக்
கடைசிக் கட்டத்தில் ஏதோ எழுதினார்.
என்ன என்று கேட்டேன்.
தயங்கினார். படித்தார்:
வீடில்லாதோர்.

எத்திராஜு மூங்கிலை ஊன்றினார், எடுத்தார், ஊன்றினார்.
நான் அவர் சாப்பிட்ட தட்டை வாங்கிக் கழுவி
அது இருக்கும் ஆணியில் மாட்டினேன்.
தட்டுக்கு ஓர் ஆணி. சீப்புக்கு ஓர் ஆணி. லாந்தருக்குக் கொக்கி.
பேசின் பிரிட்ஜில் இந்தக் கிளிஞ்சலை இறக்குவோம்,
காளவாயில் வெந்து சுண்ணாம்பாகி
அவர் தெருவுக்கும் ஒரு நாள் போகும்,
கதவு எண் எழுத வெள்ளைச் சுவர் வேண்டுமே.
இதை அவரிடம் சொல்லவில்லை.
அவர் பென்சில் முனை உடைந்திருந்தது,
அரிவாள்மணையில் சீவிக்கொடுத்தேன்.

அப்போதுதான் தலை நிமிர்ந்தார்.
"ஐயையோ, இது எந்த இடம்?"
கொருக்குப்பேட்டை வரப்போகிறது.
"என் வட்டம் சடையங்குப்பத்தோடு சரி!"
குடை, பை, செருப்பு எல்லாவற்றையும் நெஞ்சோடு அணைத்துக்கொண்டு
மேற்குக் கரையில் குதித்தார். ஒரு கால் சேற்றில்.

திரும்பிப் போக வழி கேட்டார்.
தெருப் பெயர் ஏதாவது சொல்லியிருக்கலாம்,
எங்களுக்கு ஒன்றும் தெரியாது.
தண்ணீரை வலக்கைப் பக்கமே வைத்துக்கொண்டு
நடந்துகொண்டே இருங்கள் என்றேன்.
கை மாற்றிவிடாதீர்கள்.

தனகோடி டாட்டா காட்டினாள்,
கயிறு எட்டுமட்டும் ஓடி.