முன், பின்

காலை ஐந்தே கால்.
பாலக்கோடு மார்க்கெட் வளைவில்
தார் தெரியவில்லை.
கிலோ இரண்டு ரூபாய் என்றதும்
வண்டிக்கூலிக்கே தேறாதென்று
ராத்திரியோடு ராத்திரியாக
யாரோ கவிழ்த்துவிட்டுப் போயிருக்கிறார்கள்
ஒரு டெம்போ தக்காளியை.

நான் முதலில் படம் எடுக்க வேண்டும்.
பேரூராட்சியில் அப்படித்தான் சொல்லியிருக்கிறார்கள்:
துடைப்பம் தொடுமுன் 'முன்' என்று ஒரு படம்,
முடித்ததும் 'பின்' என்று ஒரு படம்,
இரண்டும் ஒரே இடத்தில் நின்று,
தேதியும் நேரமும் ஓரத்தில் விழ.

'முன்' எடுத்தேன்.
பங்குனி இருட்டில், தெருவிளக்குக்குக் கீழே,
அழகாகவே இருந்தது.
சொல்லக் கூச்சம்.

மாதம்மாள் குனிந்தாள்.
தக்காளிக்குத் துடைப்பம் ஆகாது;
தள்ளத் தள்ள நசுங்கும்,
நசுங்க நசுங்க வழுக்கும்.
தகரத்தட்டை இரண்டு கையாலும் பிடித்து
சோறு அள்ளுகிற மாதிரி அள்ளினாள்.
கையுறை போன மாதமே கிழிந்தது.
புதியது வந்துகொண்டே இருக்கிறது.
சாறு விரல் வெடிப்புகளில் இறங்க
ஒரு தடவை உதறினாள், அவ்வளவுதான்.

தீர்த்தகிரி டிராக்டரைப் பின்னால் எடுத்தான்.
முதல் நடை போய்த் திரும்புவதற்குள்
ஓசூர் பஸ் மிச்சத்தின் மேல் ஏறி
இரண்டு சிவப்புக் கோடு இழுத்துக்கொண்டு போனது
பத்திர ஆபீஸ் வரைக்கும்.
அதுவும் எங்கள் வார்டுதான்.

டீக்கடைக்காரர் கேட்டார்:
"கொட்டினவனைப் புடிச்சி
ஃபைன் போட மாட்டீங்களா?"
போடலாம். ரசீதுப் புத்தகம் பையிலேயே இருக்கிறது.
ஐந்நூறு ரூபாய்.
அன்றைய விலைக்கு
இருநூற்றைம்பது கிலோ தக்காளி.

குவியலுக்கு அடியில் ஒரு நீலக் கிரேட்டு.
பக்கவாட்டில் வெள்ளைப் பெயிண்டில் இரண்டெழுத்து.
மாதம்மாள் பார்த்தாள்.
"யாருதுன்னு தெரியுமா?"
"தெரியும்."
எழுத்துள்ள பக்கத்தைச் சுவருக்குத் திருப்பி வைத்து
அதன்மேல் உட்கார்ந்து
முந்தானை முடிச்சை அவிழ்த்து
வெற்றிலை போட்டாள்.
அவளுக்கு ஒரு கொழுந்தன் உண்டு என்பது
எனக்கும் தெரியும்.
ரசீதுப் புத்தகம் பையிலேயே இருந்தது.

ஏழரைக்கு 'பின்'.
பிளீச்சிங் பவுடர் தூவிய தார்.
பதிவேட்டில் எழுதினேன்:
மக்கும் குப்பை, இரண்டு நடை, ஒன்றேகால் டன்.
விலைக்கு அதில் பத்தி கிடையாது.

ஊருக்கு வெளியே எங்கள் உரக்கிடங்கு.
பலகையில் வளம் மீட்புப் பூங்கா என்றிருக்கும்.
பூங்கா என்பதை நம்பி
ஒரு தடவை ஒரு ஜோடி வந்துவிட்டு
மூக்கைப் பொத்திக்கொண்டு திரும்பியது.
அங்கே நாலாம் தொட்டியில் கொட்டி
சாணிக்கரைசல் தெளித்து மூடினோம்.
மறந்தோம்.

ஆனியில் கிலோ எண்பது.
மார்க்கெட் வளைவில்
ஒரு தோல்கூட விழுவதில்லை.
ஆபீசில் கூப்பிட்டுக் கேட்டார்கள்:
"ஒரே படத்தையே முன்னுக்கும் பின்னுக்கும்
ஏத்துறியா?"

உரம் சலிக்கப் போன அன்று பார்த்தால்
தொட்டி நீர் வழிந்த ஓரத்தில்
யாரும் நடாத பதினேழு செடி,
குச்சி கட்டாமல், மண்ணில் படுத்தபடி,
கொத்துக் கொத்தாய்.
விதைக்கு மக்கும் மக்காத பிரிவெல்லாம்
யாரும் சொல்லித் தரவில்லை போல.

மாதம்மாள் பறித்தாள்.
பாதியை மடியில் போட்டாள்,
பாதியைத் தனியாக ஒரு பையில்.
யாருக்கென்று நான் கேட்கவில்லை.
"இதுக்கு ரசீது உண்டா?" என்று
அவள்தான் கேட்டாள்,
பல்லில் வெற்றிலைச் சிவப்போடு.

பழக்க தோஷம், கைபேசியை எடுத்துவிட்டேன்.
திரை கேட்டது: முன்னா, பின்னா?
கட்டைவிரல் நடுவில் நின்றது.

தீர்த்தகிரி ஹாரன் அடித்தான்.
மூன்றாம் வார்டில் சாக்கடை பொங்குகிறதாம்.
நீலக் கிரேட்டில் துடைப்பங்களைச் செருகிக்கொண்டு
ஏறினோம்.
பெயிண்ட் எழுத்தில் ஒன்று
ஏற்கனவே உதிர்ந்துவிட்டது.